சாயத் தண்ணி நிறத்தில் சிறுநீர்: வாசகர் கேள்விகளுக்கு டொக்டர் அம்மா பதில்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து தடிமன், காய்ச்சல் பற்றித்தான் கடிதங்கள் வரும் என்று நினைத்திருந்தேன். வந்ததும் அப்படித்தான், ஆனால் நிறையப் பேர் காய்ச்சலுக்குப் பிறகு வந்த கிட்னி வீக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டொக்டர் அம்மா, என் மகனுக்கு ஒன்பது வயது. போன மாதம் தடிமன், தொண்டை வலி, காய்ச்சல். இரண்டாம் நாள் காலை ஒன்றுக்குப் போனவன் "அம்மா, சாயத் தண்ணி மாதிரி வருது" என்று கூப்பிட்டுக் காட்டினான். வைத்தியசாலையில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். வைரஸ் காய்ச்சலோடு வந்த சிறுநீரக அழற்சி என்றார்கள். நிறம் தெளிந்துவிட்டது, ஆனால் ரிப்போர்ட்டில் இன்னும் இரத்தச் செங்குழியம் வருகிறது. தொண்டையில் இருந்த கிருமி எப்படிக் கிட்னிக்குப் போனது? மாமியார் உப்பு, பருப்பு, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார், பிள்ளை மெலிந்துகொண்டே போகிறான். பள்ளிக்கூடம் அனுப்பலாமா? டயாலிசிஸ் வரை போகுமா என்று இரவில் தூக்கம் வருவதில்லை.
(ஒரு தாய், தலவாக்கலை)

தங்கச்சி, உங்கள் மகன் கூப்பிட்டுக் காட்டினானே, அதுதான் இதில் பெரிய காரியம். லயத்துப் பிள்ளைகள் பலர் வெளியே இருட்டில் போய்விட்டு வந்துவிடுவார்கள், நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. முகம் வீங்கிய பிறகுதான் தெரியவரும். அவன் சொன்ன வார்த்தையும் சரியான வார்த்தை. வைத்தியப் புத்தகங்களிலும் இதைத் தேநீர் நிறச் சிறுநீர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கல்லோ காயமோ இருந்து இரத்தம் வந்தால் அது சிவப்பாக வரும். கிட்னிக்குள் இரத்தத்தை வடிகட்டுகிற வடியிலேயே கசிந்தால், செங்குழியம் உள்ளே உள்ள குழாய்களில் மெதுவாக இறங்கி வரும்போது அமிலத்தில் நிறம் மாறி, கடுஞ்சாயம் போலாகிவிடும். நிறத்தைப் பார்த்தே இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

கிருமி கிட்னிக்குப் போனதா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் போவதில்லை. ஒவ்வொரு கிட்னியிலும் ஏறத்தாழ 10 லட்சம் சின்னஞ்சிறு வடிகள் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லீட்டர் அளவில் வடித்து, அதில் ஒன்றரை லீட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே விடுகின்றன, மீதியெல்லாம் திரும்ப உடம்புக்கே போய்விடும். தொண்டையில் வைரஸ் வந்தால் அதை எதிர்க்க உடம்பு பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. சிலருடைய உடம்பில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, இரத்தத்தோடு சுற்றிவந்து இந்த வடிகளில் போய்ப் படிந்துவிடுகின்றன. படிந்த இடத்தில் அழற்சி வருகிறது, வடியின் கண்கள் பெரிதாகிச் செங்குழியமும் புரதமும் ஒழுகுகின்றன. வைரஸ் தொண்டையிலேயே இருந்தது, கிட்னியைப் புண்ணாக்கியது உடம்பின் சொந்தப் பாதுகாப்பு வேலை. நீங்கள் கொடுத்த தண்ணீரிலோ சாப்பாட்டிலோ ஒரு பிழையும் இல்லை, அதை மனதில் போட்டுக்கொண்டு வருந்தாதீர்கள்.

இனி நாட்கணக்கைப் பாருங்கள். தொண்டை வலி தொடங்கி ஓரிரு நாளிலேயே சிறுநீர் கறுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேகத்தில் வந்தால் நான் முதலில் நினைப்பது ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி, அதாவது ஐ.ஜி.ஏ. என்ற பிறபொருளெதிரி வடிகளில் படிவதால் வருகிற நோய். 1968இல் பாரிஸில் இதை முதன்முதலாக விவரித்த ழான் பெர்ஜர் என்ற வைத்தியரின் பெயரால் பெர்ஜர் நோய் என்றும் சொல்வார்கள். இதில் கோளாறு முன்பே ஒளிந்திருக்கும், தடிமன் வரும்போதெல்லாம் அது தலை காட்டும். மற்ற வகை, தொண்டைப் புண் ஆறி ஒன்று, இரண்டு வாரம் கழித்து, அல்லது தோலில் சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரம் கழித்து வருவது. அது பெரும்பாலும் வைரஸால் வருவதில்லை, ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவுக்குப் பின்னால் வருவது. இரண்டையும் பிரித்தறிய இரத்தத்தில் சி-3 என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். பக்டீரியா வகையில் அது குறைந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப ஏறிவிடும், ஐ.ஜி.ஏ. வகையில் பெரும்பாலும் குறையாது. உங்கள் டயக்னோசிஸ் கார்டில் சி-3 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம், உங்கள் பிள்ளையின் ரிப்போர்ட் அது.

கண்ணுக்குத் தெரியாத அளவில் செங்குழியம் மாதக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் வந்துகொண்டிருக்கும். அது மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நான் கவலைப்படுவது மூன்று விஷயத்துக்கு: புரதம் குறையாமல் இருப்பது, இரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவது, பிரஷர் ஏறுவது. இவற்றில் ஏதாவது இருந்தால் கிட்னியிலிருந்து ஊசியால் ஒரு துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டிவரலாம். பயொப்ஸி என்றதும் புற்றுநோய் என்று நினைத்துவிடாதீர்கள், எந்த வகை அழற்சி என்று உறுதியாகச் சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை. கண்டி தேசிய வைத்தியசாலையில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது, துண்டு எழுதித் தந்தால் போய்விட்டு வாருங்கள்.

மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்: பருப்பை நிறுத்த வேண்டாம். வளர்கிற பிள்ளைக்கு அது வேண்டும். வாழைப்பழத்தை நிறுத்துவது இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால் மட்டும், உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. உப்பைக் குறைத்தது நல்லது, ஆனால் அவனுக்கு மட்டும் தனியாக உப்பில்லாத கறி ஆக்கினால் அந்தப் பிள்ளை எப்படிச் சாப்பிடுவான்? வீட்டில் எல்லாருக்குமே கருவாடு, ஊறுகாய், அப்பளம், நூடில்ஸ் பைக்கற்றில் வருகிற தூள் இவற்றைக் குறையுங்கள். பள்ளிக்கூடம் தாராளமாக அனுப்புங்கள். ஓடி விளையாடட்டும்.

டயாலிசிஸ் பற்றிக் கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகை என்றால் பிள்ளைகளில் அநேகமாக எல்லாருமே முழுதாகக் குணமாகிவிடுகிறார்கள். ஐ.ஜி.ஏ. வகையில் பலர் எந்தப் பாதிப்பும் இல்லாமல் வயதாகிப் போகிறார்கள், சிலருக்குப் பல வருடங்களில் கிட்னி மெதுவாகக் குறைகிறது. யார் அந்தச் சிலர் என்று இன்றைக்கே சொல்ல முடியாது, சிறுநீர்ப் புரதமும் பிரஷரும்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது, அவன் பெரியவனாகி வேலைக்குப் போன பிறகும்கூட, இரண்டையும் பார்க்க வேண்டும். புரதம் கூடினால் எனலாப்ரில், லொசார்டன் போன்ற மாத்திரைகளால் கட்டுப்படுத்தலாம். கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிடாதீர்கள்.

பிரஷரை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன வைத்தியசாலையில் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விரலிடுக்கில் காய்ந்த சிரங்கு, கண்ணைச் சுற்றி வீக்கம், தலைவலி, இரண்டு தரம் வாந்தி. நான் வாந்திக்கு மருந்து எழுதினேன். பிரஷர் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கான சின்னப் பட்டி எங்களிடம் இருக்கவில்லை, பெரியவர்களுடைய பட்டியைச் சுற்றினால் தோளிலிருந்து முழங்கை தாண்டிப் போகிறது, அளவும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அன்றிரவு அவளுக்கு வலிப்பு வந்தது. பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்தத் தாய் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அம்புலன்ஸுக்குக் காத்திருந்த ஒன்றரை மணித்தியாலத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு சின்னப் பட்டி ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கிப் பையிலேயே வைத்திருந்தேன். முகம் வீங்கிய பிள்ளைக்கு, சிறுநீர் கறுத்த பிள்ளைக்கு, யாராவது பிரஷர் பார்க்காமல் அனுப்பினால் "கொஞ்சம் பிரஷர் பார்த்துவிடுங்கள் டொக்டர்" என்று கேளுங்கள்.

என் கணவருக்கு 38 வயது. கட்டார் போக மெடிக்கல் எடுத்தபோது ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு சிறுநீரில் புரதமும் மூன்று பிளஸ். கொஞ்ச நாளாகக் கால் வீக்கம், சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறது. ஈரல் நோய்க்கும் கிட்னிக்கும் என்ன தொடர்பு? எங்களுக்கும் ஒட்டுமா? வீட்டில் அவருக்குத் தட்டுக்கோப்பை பிரித்து வைத்திருக்கிறோம்.
(வாசகி, ஹட்டன்)

முதல் வேலையாக அந்தத் தட்டையும் கோப்பையையும் மற்றவர்களுடையதோடு சேர்த்து வையுங்கள் அம்மா. ஹெப்படைட்டிஸ் பி ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே கட்டிலில் படுத்தால் ஒட்டாது. இரத்தத்தால், உடலுறவால், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, இப்படித்தான் பரவும். சவர அலகு, பல் தூரிகை இரண்டை மட்டும் பிரித்து வைத்தால் போதும். வெளிநாட்டுப் பயணம் நின்ற மனிதனை வீட்டிலும் ஒதுக்கி வைத்தால் அவர் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்.

தொடர்பு நிச்சயமாக இருக்கிறது. இந்த வைரஸ் ஈரலில் வருடக்கணக்காகக் குடியிருந்து தன் புரதங்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அவற்றோடு பிறபொருளெதிரிகள் சேர்ந்து வடியின் வெளிப்பக்கத்தில் படிந்து, வடிச்சுவர் தடித்துப் புரதத்தை ஒழுகவிடும். மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். தடிமனில் வருவது போல நிறம் கறுக்காது, நுரைதான் வரும், நின்றுகொண்டு வேலை செய்தால் மாலையில் கால் தடிக்கும். ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டும்கூடத் தங்கள் தங்கள் வழியில் கிட்னியைத் தாக்கும், அதனால் அந்த இரண்டு பரிசோதனையும் கேட்பார்கள். கேட்டால் கோபப்பட வேண்டாம், அது அவருடைய நடத்தையைச் சந்தேகிப்பதாக அர்த்தமில்லை.

வைத்தியத்தில் ஒன்றை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிட்னி வீக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டீராய்ட் மாத்திரையை இங்கே வைரஸ் மருந்து இல்லாமல் கொடுத்தால் வைரஸ் பெருகி ஈரல் கெட்டுவிடலாம். எங்கே போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, "எனக்கு ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறது" என்று அவர் முதலில் சொல்ல வேண்டும். என்டெகாவிர், டெனோஃபோவிர் என்று மருந்துகள் இருக்கின்றன, வைரஸ் அடங்கினால் பலருக்குப் புரதமும் குறைகிறது. டெனோஃபோவிரில் ஒரு வகை கிட்னிக்கே கொஞ்சம் பாரமானது, எதைக் கொடுப்பது என்பதை ஈரல் வைத்தியரும் கிட்னி வைத்தியரும் பேசித் தீர்மானிக்கட்டும். நீங்கள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், இல்லை என்று வந்தால் மூன்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு, நான்கு, ஆறு மாதத்தில் போடுகிற தடுப்பூசியிலேயே இது இருக்கிறது, அவர்களுடைய கார்டை எடுத்து மூன்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்ட் தொலைந்திருந்தால் மருத்துவமாதுவிடம் பேசுங்கள்.

மரக்கறித் தோட்டம் செய்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எலிக்காய்ச்சலில் கிட்னி செயலிழந்து பத்து நாள் வார்டில் இருந்தார். அதுவும் வைரஸ்தானே? மருந்து இல்லை என்கிறார்களே?
(வாசகர், கந்தப்பளை)

இல்லை தம்பி, மருந்து இருக்கிறது. எலிக்காய்ச்சல் வைரஸ் இல்லை, லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. பென்சிலின், டொக்சிசைக்ளின் இரண்டும் அதற்கு வேலை செய்யும், ஆனால் நேரத்தோடு போக வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட்டால் துடிக்கிற வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். போய்ச் சொல்லும்போது "நான் சேற்றில் வேலை செய்கிறேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், அந்த ஒரு வாக்கியம் வைத்தியருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை பற்றி உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

எலியால் வருகிற வைரஸ் ஒன்றும் இருக்கிறது, ஹன்டா. கொரிய யுத்தத்தில் 1951 முதல் 3,000க்கும் மேற்பட்ட படைவீரர்களுக்குக் காய்ச்சலும் இரத்தக் கசிவும் கிட்னிச் செயலிழப்பும் வந்தது, காரணம் தெரியாமல் தவித்தார்கள். பிற்பாடு 1970களில் லீ ஹோ-வாங் என்ற கொரிய விஞ்ஞானி வயல் எலியின் நுரையீரலில் அதைக் கண்டுபிடித்து, பக்கத்தில் ஓடிய ஹன்டான் ஆற்றின் பெயரை வைத்தார். நம் நாட்டிலும் எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்ட நோயாளிகள் சிலருடைய இரத்தத்தில் ஹன்டாவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் கிடைத்திருக்கின்றன. அது தூசியோடு மூச்சில் போகும். உரச்சாக்கு அடுக்கிய அறையில் எலிப் புழுக்கை கிடந்தால் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, ப்ளீச்சிங் கலந்த தண்ணீர் தெளித்து நனைத்துத் துணியால் வழித்து எடுங்கள்.

அம்மா கொழுந்து பறிப்பவர். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுவார், காய்ச்சல் வந்தாலும் அதேதான். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் வாசித்துக் காட்டுவேன்.
(மகள், மஸ்கெலியா)

அக்கா, இதை உங்கள் மகள் வாசிக்கும்போது கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் வலி பொய் இல்லை, முதுகில் கூடையோடு நாள் முழுக்கச் சரிவில் நிற்பவருக்கு வலிக்காமல் இருக்காது. ஆனால் டைக்ளோஃபெனாக், இபுபுரொஃபென் இரண்டும் கிட்னிக்கு இரத்தம் போகிற குழாயைச் சுருக்கிவிடுகின்றன. தண்ணீர் குடித்துத் தெம்பாக இருப்பவருக்கு ஒன்றிரண்டு மாத்திரை தாங்கும். காய்ச்சலில் வியர்த்து, சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் இருக்கும்போது அதே மாத்திரை கிட்னியை ஒரே வாரத்தில் நிறுத்திவிடக்கூடும். டெங்கு என்றால் இரத்தக் கசிவும் சேர்ந்துகொள்ளும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், 500 மில்லிகிராமில் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம்.

தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியும். மலையில் மறைவாகப் போய்வர ஓர் இடம் இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து ஒரு மிடறு குடிக்காமல் நிற்கிற பெண்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இதை உங்கள் தலையில் பிழையாகக் கட்ட மாட்டேன். வேலைத்தலத்தில் பெண்களுக்குக் கழிவறை வேண்டும், அதைத் தோட்ட நிர்வாகமும் சங்கங்களும்தான் செய்து தர வேண்டும், மாதர் சங்கத்தில் இதைப் பேசுங்கள், எழுதிக் கொடுங்கள். அதுவரை காய்ச்சல் நாளில் மட்டுமாவது பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகாமல் வீட்டில் இருங்கள், கஞ்சியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் குடியுங்கள்.

என் மகளுக்கு நெஃப்ரோட்டிக் (சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கும் நோய்) என்று ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்ட் மாத்திரை கொடுக்கிறார்கள். குணமாகிறது, தடிமன் வந்தால் திரும்ப முகம் வீங்குகிறது. மருந்து சரியில்லையா?
(தந்தை, வெலிமடை)

மருந்து சரிதான். இந்த நோயின் சுபாவமே அது, சாதாரண வைரஸ் தடிமன் போதும் அதைத் தட்டி எழுப்ப. பெரும்பாலான பிள்ளைகள் வளர வளர இதிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள். தடிமன் நாட்களில் காலைச் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள், எப்படி என்று கிளினிக்கில் காட்டித்தருவார்கள், தினமும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ப்ரெட்னிசொலோனை ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது அம்மாள் போட்டிருந்தால், அதாவது கொப்புளிப்பான், அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள், இந்த மாத்திரை எடுக்கும் பிள்ளைக்கு அது கடுமையாக வரும்.

அனுராதபுரப் பக்கம் பரவுகிற கிட்னி நோய் இங்கேயும் வந்துவிட்டதா?
(வாசகர், பண்டாரவளை)

அது வேறு. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பேசப்படும் அந்த நோய் வறண்ட வலய விவசாயிகளுக்கு, காய்ச்சல் எதுவும் இல்லாமல், சத்தமில்லாமல் வருவது. உங்கள் பதுளை மாவட்டத்திலேயே கிராந்துருக்கோட்டைப் பக்கம் அது இருக்கிறது, ஆனால் அது தாழ்நிலம். காய்ச்சலோடு சிறுநீர் கறுப்பதை அதோடு குழப்ப வேண்டாம்.

கிட்னி வீக்கத்துக்கு நாட்டு மருந்து குடிக்கலாமா? காமரங்காச் சாறு நல்லது என்கிறார்கள்.
(வாசகி, ராகலை)

வேண்டவே வேண்டாம். காமரங்காயிலும் பிலிங்காயிலும் ஒக்சலேட் அதிகம், சாறாக எடுத்து நிறையக் குடித்து நல்ல கிட்னியே நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். கிட்னி குறைந்தவருக்குக் காமரங்கா விக்கலில் தொடங்கி மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். மூலிகையில் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி சேர்த்த எதையும் தொடாதீர்கள், அவற்றில் உள்ள அமிலம் கிட்னியைச் சுருக்கிவிடும். பாட்டி சொன்ன வைத்தியம் எல்லாவற்றையும் நான் மறுப்பவள் இல்லை, தடிமனுக்குக் கொத்தமல்லித் தண்ணி நானும் குடிக்கிறேன்.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு எப்படிக் கொடுப்பது? மூன்று இடத்தில் மூன்று விதமாக ரிப்போர்ட் வருகிறது.
(வாசகி, கொட்டகலை)

கொண்டுபோகிற விதத்தில்தான் பாதிப் பிழை வருகிறது. காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் வேண்டும். முன்பகுதியை விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆய்வுகூடத்தில் தருகிற போத்தலில் பிடியுங்கள். ஜாம் போத்தல், மருந்துப் போத்தல் வேண்டாம், கழுவினாலும் அடியில் ஏதாவது ஒட்டியிருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட்டால் நல்லது, வெயிலில் பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் வைத்திருந்தால் செங்குழியம் உடைந்து போய்விடும், ரிப்போர்ட்டில் இல்லை என்று வரும். தூரத்திலிருந்து வருபவர்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தே கொடுப்பது மேல். பெண்கள் மாதவிலக்கு நாட்களிலும் அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் கொடுக்க வேண்டாம். கிளினிக் திகதி அந்த நாளில் விழுந்தால் வெட்கப்படாமல் தாதியிடம் சொல்லி அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.